ஒரு நிபந்தனைக்குள் ஒளிந்திருந்த கதவு

ஒரு சட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து அதன் நீதியை அளக்கலாமா?

இரண்டாம் உலக யுத்தத்தில் கடல் கடந்து போன அமெரிக்கப் படைவீரர்கள் பலர் போன இடங்களிலேயே திருமணம் முடித்தார்கள். அந்த மனைவி பிள்ளைகளை விரைவாக நாட்டுக்குள் எடுப்பதற்காக 1945 டிசம்பர் 28 இல் 'யுத்த மணப்பெண்கள் சட்டம்' வந்தது. விசா ஆவணம் இல்லாமையோ உடற்குறையோ தடையாகாது. மூன்று வருடத்துக்குள் விண்ணப்பித்தால் போதும். இதனால் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் தம் குடும்பத்தோடு சேர்ந்தார்கள்.

ஆனால் சட்டத்தின் நடுவே ஒரு சிறிய நிபந்தனை இருந்தது: 'ஏனைய குடிவரவுச் சட்டங்களின்படி அனுமதிக்கத்தக்கவராயின்.'

அந்த ஏனைய சட்டங்களில் ஒன்று 1924 ஆம் ஆண்டுச் சட்டம். குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவர் குடியேற முடியாது என்றது அது. ஜப்பானியரும் கொரியரும் அதற்குள் அடங்கினர். ஆகவே இங்கிலாந்துப் பெண் கப்பல் ஏறினாள். ஜப்பானியப் பெண் காத்திருந்தாள். 1947 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. அதுவும் அன்றிலிருந்து 30 நாட்கள் கடப்பதற்கு முன் முடிந்திருந்த திருமணங்களுக்கு மட்டுமே. இனத் தடை நிரந்தரமாக நீங்கியது 1952 இல்தான்.

இனத் தடை இல்லாதவரையும் அந்த நிபந்தனை பிடித்தது. எலன் நாஃப் ஜெர்மனியில் பிறந்தவர். யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையில் சேவை செய்தவர். அமெரிக்கப் படைவீரராக இருந்த ஒருவரின் மனைவியாக 1948 இல் நியூயோர்க்கில் வந்திறங்கியவரை எலிஸ் தீவில் தடுத்து வைத்தார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள்; என்ன காரணம் என்று சொல்லவில்லை, விசாரணையும் இல்லை. 1950 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. பத்திரிகைகளும் சில காங்கிரஸ் உறுப்பினர்களும் விடாமல் குரல் கொடுத்த பின்னரே விசாரணை நடந்தது. நேரடி ஆதாரமற்ற செவிவழிப் பேச்சே குற்றச்சாட்டின் அடிப்படை என்று தெரிந்து, 1951 இல் அவர் விடுவிக்கப்பட்டார்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப சேர், அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா?"

"இலட்சம் பேருக்கு நல்லதுதான் மகள்," என்றேன். "ஆனா சட்டத்தைப் படிக்கும்போது 'ஆயின்' என்ற சொல் வரும் இடத்தில் கொஞ்சம் நிண்டு படியுங்க. யார் வெளியே நிற்கிறார்கள் என்று அங்கேதான் எழுதியிருக்கும்."

உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.