அயனி இயக்கத்திறன் உணரி

பெயின்ட், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி: மூடியைத் திறந்ததும் நெடி அடிப்பதற்குக் காரணம், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். இவற்றில் பல, காற்றில் நூறு கோடியில் சில பங்கே கலந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கருவி அயனி இயக்கத்திறன் உணரி. காற்றிலுள்ள ஆவியை இது அயனியாக்கி, மின்புலம் கொண்ட சிறு குழாயில் ஓடவிடும். கச்சிதமான அயனி சில மில்லிநொடிகளில் மறுமுனையைத் தொடும். பருத்த அயனி வாயு மூலக்கூறுகளில் முட்டி மோதிப் பிந்தி வரும். வந்துசேர்ந்த நேரமே அடையாளம். இதற்கு வெற்றிடம் தேவையில்லை என்பதால் கனத்த பம்புகளும் வேண்டாம். கருவி கைக்கு அடங்குகிறது.

இதன் வேர் ஊடுகதிரில் இருக்கிறது. 1895இல் ரோன்ட்கன் அதைக் கண்டறிந்த மறு ஆண்டே, அக்கதிர் பட்ட வாயு ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனும் ரூதர்ஃபோர்டும் ஆராய்ந்தனர். 1905இல் லாஞ்செவின் அயனி நகர்வுக்குக் கோட்பாடு வகுத்தார். இவர்கள் தேடியது அயனியின் இயல்பைத்தான். ஆவியை இனங்காண்பது அவர்கள் நோக்கமல்ல.

வேதியியலுக்கு இது வந்து சேர்ந்தது 1970இல்தான். கோஹனும் காரசெக்கும் 'பிளாஸ்மா வண்ணப்பிரிகை' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தனர். பெயர்தான் பெரிது: உள்ளே பிளாஸ்மாவும் இல்லை, வழக்கமான வண்ணப்பிரிகையும் இல்லை. எதிர்பார்ப்பும் அப்படியே வீங்கிப் பின்னர் வடிந்தது. கருவிக்குள் இருக்கும் கதிரியக்க நிக்கல்-63 உமிழும் பீட்டாத் துகள்கள் காற்றை அயனியாக்க, கடைசியில் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த புரோட்டான்கள் மிஞ்சும். அவற்றைப் பறித்துக்கொள்ளும் சேர்மமே திரையில் தெரியும். அசிட்டோன் எளிதாகப் பறிக்கும். அம்மோனியா இன்னும் பலமாகப் பறித்து மற்றவற்றை மறைக்கும். ஹெக்சேன் போன்றவை கைநீட்டுவதே இல்லை. ஈரப்பதம் மாறினாலும் கணக்கு குழம்பும். பல ஆவிகள் கலந்த காற்றில் இக்கருவி தனியே திணறியது இதனால்தான்.

அதே குறை படைத்துறைக்கு வரமாயிற்று. நரம்பைத் தாக்கும் பாஸ்பரஸ் நஞ்சுகள் புரோட்டானை இறுகப் பற்றுவதால், மற்ற ஆவிகளுக்கு நடுவிலும் தனித்துத் தெரிந்தன. 1980களில் பிரிட்டனின் கிரேஸ்பி நிறுவனம் செய்த கைக்கருவி 1991 வளைகுடாப் போரில் களம் கண்டது. வெடிமருந்து மூலக்கூறுகள் எதிர் அயனிகளாகச் சிக்கின. விமான நிலையங்களில் பெட்டியைத் துடைத்த துணியைச் சோதிப்பது பெரும்பாலும் இவ்வகைக் கருவியே.

கலவைச் சிக்கலுக்கு விடை எளியது: வாயு வண்ணப்பிரிகைக் குழலை முன்னால் வைத்து, ஆவிகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவது. இன்று உணவின் மணத்தையும் மூச்சுக்காற்றையும் ஆராய்வது இந்த இணைப்பால்தான். சன்னலைத் திறக்க முடியாத சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் 2001இல் இத்தகைய கருவி ஒன்று போனது. இடையில் ஃபியூஸ் போய் நின்றபோது வீரர்கள் அங்கேயே பழுது பார்த்தனர். அதன் இடத்துக்குப் பின்னர் வந்த சிறிய காற்றுத்தரக் கருவியில், மாறி மாறி ஏறியிறங்கும் மின்புலம் அயனிகளைப் பிரிக்கிறது. பிரிக்கத் தேவையான வாயுவையும் அது அறைக்காற்றை வடிகட்டியே எடுத்துக்கொள்கிறது.