அரை சென்ட்



ரூஸ்வெல்ட்டின் ‘புதிய ஒப்பந்தம்’ என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஐந்து மார்க் கேள்வி. அந்தத் திட்டம் ஒரு கிராமத்துக்குள் போனபோது என்ன ஆனது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. இன்று அதை எழுதுகிறேன்.

1929ல் பவுண்டுக்கு 17 சென்ட் அளவில் விற்ற பருத்தி, 1932ல் 6 சென்ட் அளவுக்கு விழுந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று கணக்குப் போட்ட அரசு, 1933 மே மாதம் வேளாண்மைச் சட்டம் கொண்டுவந்தது. பயிர் செய்யாமல் இருப்பதற்குப் பணம்! அந்தக் கோடையில் வளர்ந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது அழித்தார்கள். செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் வரிசைக்குள் இறங்க மறுத்து முரண்டு பிடித்தனவாம்.

திட்டத்தில் தவறு இல்லை, விலையும் ஏறியது. பணம் யார் கைக்குப் போனது என்பதில்தான் வினை. ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியை எடுத்துக்கொள்வோம் (கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்முடைய தாலுகா, மாவட்டம் போல). அங்கே நிலம் பண்ணையாருடையது. உழுதவர்கள் வாரதாரர்கள், கறுப்பரும் வெள்ளையரும். விளைந்த பருத்தியில் பாதிக்குப் பாதி. ஆனால் 1934 ஒப்பந்தப்படி பவுண்டுக்கு வந்த நாலரை சென்ட் மானியத்தில் நாலு சென்ட் பண்ணையாருக்கு, அரை சென்ட் வாரதாரருக்கு. நிலம் குறைந்ததும் ஆளும் குறைந்தால் போதும் என்றாகிவிட்டது. டைரான்சா ஊரில் ஒரு பண்ணையார் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார். குத்தகையாட்களைக் கூடுமானவரை குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொன்னது. அந்தக் ‘கூடுமானவரை’ இருக்கிறதே, அது எத்தனை குடும்பத்தின் சோற்றில் மண் போட்டது! மனு கொடுக்கலாம்தான். ஆனால் அதை விசாரிக்கும் உள்ளூர் கமிட்டியிலும் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

1934 ஜூலையில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டு இனத்தாரும் ஒரே சங்கத்தில் உட்காருவது அன்றைய தென்மாநிலங்களில் உயிருக்கே ஆபத்தான காரியம். கூடிய இடம் ஒரு பள்ளிக்கூடம் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை. வழக்குப் போட்டுத் தோற்றார்கள். வாஷிங்டனில் வேளாண் சீரமைப்பு நிர்வாகத்தின் வழக்கறிஞர்கள் சிலர், இருக்கும் குடும்பங்களையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏழாம் பிரிவுக்கு விளக்கம் எழுதினார்கள். 1935 பிப்ரவரியில் அவர்களின் தலைவர் ஜெரோம் ஃபிராங்கும் வேறு சிலரும் வேலையிழந்தார்கள்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. பிறகு வந்த சட்டங்களில் வாரதாரரின் பங்கு கூடியது, பணம் நேராக அவர் பெயருக்கே வர வழி பிறந்தது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? வாரதாரரை நிறுத்திவிட்டு அதே ஆளைத் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள். கூலிக்காரருக்கு மானியத்தில் பங்கு கிடையாது. மானியப் பணம் டிராக்டர் வாங்கவும் உதவியது. 1930ல் தென்மாநிலங்களில் சுமார் 7.75 லட்சமாக இருந்த வாரதாரர்கள் 1940ல் 5.4 லட்சம் அளவுக்குக் குறைந்தார்கள்.

1939 ஜனவரியில், பக்கத்து மிசௌரி மாநிலத்தில், இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடுப்பு, கட்டில், குழந்தைகளோடு நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கடுங்குளிர். கார்களில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சில நாளில் சுகாதாரக் கேடு என்று காரணம் சொல்லி, மாநில அதிகாரிகள் அவர்களை லாரிகளில் ஏற்றி, சாலையிலிருந்து தெரியாத இடங்களில் இறக்கிவிட்டார்கள்.