பஞ்சவாரமும் பஞ்சமும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் கல்வெட்டு (கி.பி. 921) குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போனது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று சொல்லிக்கொண்டே வந்து, பொன் வாரியத்தோடு இன்னொரு வாரியத்தையும் குறிக்கிறது. அதைப் ‘பஞ்ச வாரியம்’ என்று எழுதி, பஞ்ச நிவாரணக் குழு என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. கல்லில் வெட்டியிருப்பதோ ‘பஞ்சவார வாரியம்’. நடுவில் இருந்த ‘வார’ நழுவியதில் பொருளே திரிந்துவிட்டது.

வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. மேல்வாரம், குடிவாரம் என்பவை அதன் கிளைகள். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கம் நிலத்தை ‘வாரத்துக்கு விடுவது’ என்பதும் அதே சொல்தான். பஞ்சவாரம் கல்வெட்டுகளில் நெல் வரவோடு சேர்ந்தே வருகிறது. பஞ்சத்துக்குப் பழைய உரைநடையில் ‘வற்கடம்’ என்று வேறு சொல் இருந்தது. பாண்டிய நாட்டின் பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தை இறையனார் களவியல் உரை அப்படித்தான் சொல்கிறது.

வாரத்துக்கு ஒரு குணம் உண்டு: விளையாவிட்டால் பங்கும் இல்லை. ஆங்கிலேயரின் ரயத்துவாரி வரிமுறை வந்தபின் தீர்வை ரொக்கமாயிற்று. பயிர் சாவியானால் குடியானவன் ‘வஜா’ (தீர்வைத் தள்ளுபடி) கேட்டு நிற்க வேண்டும். 1876இல் மழை பொய்த்தது. வானம் பார்த்த செங்கல்பட்டுச் சீமை ஏரிகள் வறண்டன. தாது வருஷப் பஞ்சம் பிறந்தது. விலை ஏறியபின் தானியம் இருந்த ஊரிலும் வாங்கக் காசில்லை. நிவாரண வேலைக்கு இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். அது உயிர் தாங்காது என்று வாதாடினார் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கு. பிழைத்தவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள்.

பஞ்சத்துக்கென்றே ஒரு குழு அதன்பிறகு அமைந்தது: ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச கமிஷன், 1878. அதன் அறிக்கை 1880இல் வந்தது. பஞ்சக் கால விதிகள் அதிலிருந்து பிறந்தன. உத்திரமேரூர்ச் சபையாருக்கு அப்படியொரு குழுவை நாம் கற்பித்துத் தர வேண்டியதில்லை. அவர்களிடம் ஏரி வாரியம் இருந்தது. ஊர் ஏரியான வைரமேக தடாகத்தைத் தூர்வார அறக்கொடை இருந்தது. மழை தவறிய வருஷத்துக்கு அவர்கள் செய்துவைத்த ஏற்பாடு அதுதான்.