நான்கு மீட்டருக்குள் ஒரு எஸ்யூவி

இந்தியச் சிறு எஸ்யூவிகளின் மைலேஜ் கதையைத் தொடங்கி வைத்தது ஒரு வரிச்சலுகை. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சலுகை பெற, காரின் நீளம் நான்கு மீட்டரைத் தாண்டக் கூடாது. என்ஜின் பெட்ரோலில் 1200 சிசிக்கும் டீசலில் 1500 சிசிக்கும் மேல் போகக் கூடாது. உயரமான வண்டியை இந்த அளவுக்குள் அடக்கும் போட்டி அப்படித்தான் பிறந்தது. 2012இல் வந்த மஹிந்திரா குவாண்டோ, அதே நிறுவனத்தின் சைலோ காரின் பின்பகுதியைக் குறுக்கிச் செய்த வண்டி. அவசர வேலை என்பது பார்த்தாலே தெரியும். மறு ஆண்டு, சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்த பிறகே இந்த வகைக்கு மவுசு கூடியது.

மைலேஜில் உச்சம் தொட்டது 2016இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா. அதன் 1.3 லிட்டர் டீசல் என்ஜினுக்குச் சான்றளிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 24.3 கிலோமீட்டர். உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசியை அணைத்து, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுக்கும் கணக்கு அது; நகர நெரிசலில் அதை எதிர்பார்ப்பது வீண்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை மாசு விதி வந்ததும் மாருதி டீசலைக் கைவிட்டது. 1.5 லிட்டர் பெட்ரோல் பிரெஸ்ஸா, மேனுவல் கியரில் 17.03 கிலோமீட்டர்தான் காட்டியது. 2023இல் வந்த சிஎன்ஜி பிரெஸ்ஸாவின் சான்றளவு கிலோவுக்கு 25.51 கிலோமீட்டர்.