துருத்தி மூச்சின் கணக்கு

வயிற்றை வெட்டி இழுத்து, மூக்கு வழியாக வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியும் அதன் உறவான பஸ்திரிகாவும் இன்று ஊர்தோறும் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. இப்படிச் செய்தால் நுரையீரல் விரியும், உடம்புக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும் என்பது கூடவே வரும் வாக்குறுதி. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறார்கள். இந்த வாக்குறுதியைச் சோதிக்க கேரள–தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கும் குன்னத்துகால் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே மாநிலத்துக்குள் இருந்த இந்தத் தமிழ்–மலையாள எல்லையில் மூச்சைப் பற்றிய இரண்டு வரலாறுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்று யோகியருடையது, மற்றது ஒரு மருத்துவருடையது. இரண்டும் அந்த வாக்குறுதிக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

முதலில் யோகியர். 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புரம் இதே நெய்யாற்றின்கரை வட்டத்தில்தான் இருக்கிறது. அவருக்கும் சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் கற்பித்தவர் திருவனந்தபுரம் பிரிட்டிஷ் ரெசிடென்சியில் வேலை பார்த்த தமிழர், தைக்காடு அய்யா. அவர் வந்த தமிழ்ச் சித்தர் மரபில் மூச்சுக்கு ஒரு கணக்கு உண்டு. உள்ளே இழுக்கப் பதினாறு மாத்திரை, நிறுத்த அறுபத்து நான்கு, விட முப்பத்திரண்டு என்கிறது திருமந்திரம். மூச்சைக் குறைப்பதும் நிறுத்துவதும்தான் அங்கே இலக்கு. வேகத்துக்கு அதில் இடமில்லை. 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோக பிரதீபிகையில் வேக மூச்சு வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கொல்லன் துருத்தி போல மூச்சை விட்டு இழுக்கும் கபாலபாதியை அந்நூல் பிராணாயாமத்தில் சேர்க்கவில்லை. உடம்பைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகளில் ஒன்றாக வைக்கிறது. சொல்லும் பலன் கபம் நீங்குவது. கொழுப்பும் சளியும் மிகுந்தவர்களே அந்த ஆறையும் செய்ய வேண்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்றும் வரம்பு கட்டுகிறது. பஸ்திரிகாவைப் பிராணாயாமத்தோடு சேர்த்தாலும் அதன் வேகத்தைக் கடைசியில் மூச்சை நிறுத்தும் கும்பகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நுரையீரலைப் பெரிதாக்குவது பற்றிப் பேச்சே இல்லை.

இனி மருத்துவர். குன்னத்துகால் ஊராட்சியில் உள்ள காரக்கோணம் மருத்துவக் கல்லூரி தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்லின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்த்தவர், கல்குளம் பக்கத்து நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, இங்கிலாந்தில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1924 ஜூன் 4 அன்று பயணக் குழுவைச் சேர்ந்த நார்ட்டனும் அவரும் ஆக்சிஜன் கலம் இல்லாமல் எவரெஸ்டில் ஏறினார்கள். சுமார் 28,000 அடியில், ஓர் அடி எடுத்துவைக்க ஏழு முதல் பத்து முழு மூச்சு தேவைப்பட்டதாக அவர் குறித்திருக்கிறார். பல நாள் அப்படி இரைத்து இழுத்த வறண்ட குளிர்காற்று தொண்டையைப் புண்ணாக்கிவிட்டது. சோமர்வெல் நின்றுவிட, நார்ட்டன் இன்னும் கொஞ்சம் ஏறி 8,573 மீட்டர்வரை போய்த் திரும்பினார். இறங்கும் வழியில் குரல்வளையின் உள்சவ்வு கழன்று சோமர்வெல்லின் மூச்சுக்குழலை அடைத்தது. மூச்சும் விட முடியவில்லை, கூப்பிடவும் குரல் வரவில்லை. முன்னால் போன நார்ட்டனோ, ஓவியரான நண்பர் படம் வரைய நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். சாவை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தி ஒரு தள்ளு தள்ள, அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. புண்ணாக்கியதும் வேக மூச்சு. அடைத்ததை வெளியே எறிந்ததும் வேகமாகத் தள்ளிய மூச்சுதான். அந்த மூச்சுக்கு உள்ள திறமை எதுவென்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. கபம் நீக்கும் கிரியை என்று பிரதீபிகை சொன்னதற்கும் இது ஒத்துப்போகிறது.

மலையில் வேக மூச்சு ஆக்சிஜன் தந்ததல்லவா, இங்கே ஏன் தராது என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. சோமர்வெல் எவரெஸ்டிலேயே நுரையீரல் காற்றைப் பைகளில் பிடித்து, அதன் கணக்கை 1925-இல் உடலியல் ஆய்விதழில் வெளியிட்டார். 28,000 அடி உயரத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரைக்க இரைக்க நுரையீரலிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. அது விட்ட இடத்தில் ஆக்சிஜன் சேர்கிறது. குன்னத்துகாலில் நிற்கும் ஆரோக்கியமான ஒருவரின் இரத்தமோ சும்மா இருக்கும்போதே சுமார் 97 சதவீதம் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஏற்ற அதிக இடமில்லை. பெரும்பாலும் கரியமில வாயு வெளியேறுவதுதான் நடக்கும். அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். வேகமாக மூச்சு விட்டதும் தலை லேசாவதைத் தெளிவு என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் ஒரு பங்காவது இந்தச் சுருக்கத்தின் வேலை. சோமர்வெல் மலையேறிய அதே 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தா, பிராணாயாமத்தைக் கருவிகளால் அளந்து பார்த்தவர். அதன் பயன் கூடுதல் ஆக்சிஜனில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். யோகத்தை உயிராக நேசித்த ஒருவர் சொன்ன முடிவு என்பதால் அதற்கு எடை அதிகம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பயிற்சிக்குப் பிறகு மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டரில் எண்கள் உயர்கின்றனவே? உயர்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. புதுச்சேரி ஜிப்மரில் 27 மாணவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி கொடுத்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சை வெளியே தள்ளும் அழுத்தமும் உள்ளே இழுக்கும் அழுத்தமும் மூச்சடக்கும் நேரமும் கூடின. கூடவே கைப்பிடி வலிமையும் கூடியது. நான் இதில் பிடித்துக்கொள்வது அந்தக் கைப்பிடியைத்தான், ஏனென்றால் கைப்பிடியில் நுரையீரல் இல்லை. வலுத்தது தசை, பழகியது முயற்சி. ஸ்பைரோமீட்டரில் முழு மூச்சு ஊதுவதும் ஊதுபவரின் முயற்சியைப் பொறுத்ததே. வயிற்றுத் தசையை நாள்தோறும் பழக்கியவர் நன்றாகவே ஊதுவார். அந்தப் பயிற்சியில் ஆசனங்களும் மெதுவான பிராணாயாமமும் கலந்திருந்ததால், பலனை வேக மூச்சுக்கு மட்டும் எழுதிவைக்கவும் முடியாது. வளர்ந்த மனிதரின் மூச்சுக் கொள்ளளவு உயரத்தைச் சார்ந்தது என்பதை ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து 1846-இலேயே காட்டிவிட்டார். தசை வலுப்பது சின்ன லாபம் இல்லை, அதற்காகவே ஒருவர் இதைச் செய்யலாம். ஆனால் அதற்கு நுரையீரல் விரிந்தது என்று பெயர் வைக்கக் கூடாது.

வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்றால், விரியட்டும் என்று மேலும் மேலும் தம் கட்டுவார்கள். கபாலபாதியை மிகைப்படச் செய்ததால் ஆரோக்கியமான 29 வயதுப் பெண்ணுக்கு நுரையீரல் கசிந்து மார்புக்குள் காற்று புகுந்ததை 2004-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அரிதானதுதான், ஆனாலும் நடந்தது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பழைய நூல் பிரித்துச் சொன்ன இடத்தில், இன்று நூறு பேரை ஒன்றாக உட்காரவைத்து ஒரே தாளத்தில் ஊதச் சொல்கிறார்கள். நுரையீரலில் முன்பு காற்றுக் கசிவு வந்ததுண்டா, உயர் இரத்த அழுத்தம் உண்டா, இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, கர்ப்பமா என்று முதல் நாளே ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தாளத்தைத் தொடங்க வேண்டும்.