காரையா, மருக்காரையா? வேலிப் பழத்தைப் பறிக்கும் முன் பாருங்கள்

ஒரத்தநாடு பகுதியில் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் ஏறாத செம்மண் மேடுகளிலும் பழைய உயிர்வேலிகளிலும் காரைச் செடியைக் காணலாம். ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகள் அதன் மஞ்சள் பழத்தைப் பறித்துத் தின்பார்கள். அதில் தவறில்லை. பக்கத்திலேயே மருக்காரையும் நின்றால்தான் சிக்கல். இரண்டும் காப்பிச் செடியின் குடும்பம். இரண்டுக்கும் எதிரெதிர் இலை, நேரான முள், மஞ்சள் பழம். காரைப் பழத்தைத் தின்னலாம். மருக்காரைப் பழம் வாந்தி, பேதியை உண்டாக்கும். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் வாந்தி எடுக்க வைப்பதற்கே அது பயன்பட்டது.

அடையாளம் காண்பது எப்படி?

முள்ளை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏமாந்து போவீர்கள். பூ இருக்கும் காலத்தில் எளிது. காரைப்பூ மிகச் சிறியது, பசுமஞ்சள் நிறம், நான்கு இதழ், கொத்தாக இருக்கும். மருக்காரைப்பூ பெரியது, ஐந்து இதழ், வாசனை உண்டு. வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும்.

பழம் மட்டும் இருந்தால் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். காரைப் பழம் சுண்டுவிரல் நுனி அளவுதான். சற்றுத் தட்டையாக, நுனியில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். உள்ளே பெரும்பாலும் இரண்டே கொட்டை. மருக்காரைப் பழம் சின்னக் கொய்யா போல உருண்டு, தலையில் கிரீடம் வைத்தது போலிருக்கும். உள்ளே சதையில் பல விதைகள் அடைந்திருக்கும். பல விதை கண்டால் வாயில் வைக்க வேண்டாம்.

யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், பழத்தையும் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள்.

மருக்காரைக் காயை இடித்துத் தண்ணீரில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் முன்பு உண்டு. அதனால் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் கரையில் அதை விட்டுவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் வேலி திருத்தும்போது இயந்திரத்தை விட்டு மொத்தமாக வழித்துவிடாதீர்கள். காரை வேலிக்குக் காவல்; இளந்தழையைக் கீரையாகவும் சமைக்கலாம், ஆடும் கடிக்கும்.

சந்தேகம் இருந்தால் இலை, முள், நறுக்கிய பழம் மூன்றும் தெரியும்படி படம் எடுத்து, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிக் கேளுங்கள்.