செல்லாக்காசு செல்லும் சந்தை

யாரையாவது ஏமாளி என்று கிண்டல் செய்ய அமெரிக்காவில் ஒரு பழைய சொலவடை உண்டு: போகிற இடத்தில் மரக்காசு வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. நம்மூர்ச் செல்லாக்காசுதான். ஆனால் அதே நாட்டில் சனிக்கிழமை காலை உழவர் சந்தைக்குள் நுழைந்தால், தக்காளி விற்பவர் மரக்காசுகளை எண்ணி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் ஏமாந்த களை துளியும் இருக்காது.

ஒன்றரை அங்குல வட்டம். கேரம் ஸ்டிரைக்கரை விடக் கொஞ்சம் சிறியது, மெல்லியது. ஒரு பக்கம் சந்தையின் பெயர், மறுபக்கம் 1 அல்லது 5 என்ற எண். புதிதாக வந்தபோது மரமும் மையும் மணக்கும். ஈரக் கீரை தொட்ட கைகளில் ஒரு கோடை முழுக்கப் புரண்டபின் எழுத்து மங்கி, விளிம்பு கறுத்துவிடும். இந்தச் சில்லு பிறந்த கதையைச் சொல்ல, அதற்கு முன்னால் இருந்த காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் முதல் உணவு ஸ்டாம்ப் கைமாறியது. ஒரு டாலருக்கு ஆரஞ்சு ஸ்டாம்ப் வாங்கினால் ஐம்பது சென்டுக்கு நீல ஸ்டாம்ப் இலவசம். நீலத்தைக் கொண்டு, விளைந்து தேங்கிக்கிடந்த பண்டங்களை மட்டும் வாங்கலாம். ஏழையின் வயிறு, உழவரின் தேக்கம் இரண்டுக்கும் ஒரே ஸ்டாம்ப். 1943இல் அத்திட்டம் நின்றது. 1961இல் கென்னடி காலத்தில் சோதனையாக மீண்டும் வந்தது. 1964இல் நிலையான சட்டமானது. ஸ்டாம்ப் போய் ரூபாய்த்தாள் மாதிரி கூப்பன் புத்தகம் வந்தது. அதை வைத்துச் சந்தையில் சோளம் வாங்குவதில் சிக்கல் ஏதுமில்லை. உழவர் கூப்பனை வாங்கிப் பெட்டியில் போடுவார், பிறகு வங்கியில் கட்டிப் பணமாக்குவார். கஷ்டமெல்லாம் வாங்குகிறவருக்குத்தான். வரிசையில் நின்று புத்தகத்திலிருந்து கூப்பனைக் கிழிக்கும்போது பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

அந்தக் கூச்சத்தைப் போக்கவும், கூப்பன் கள்ளச்சந்தையை ஒழிக்கவும் பிளாஸ்டிக் கார்டு வந்தது. 1984இல் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் சோதனை. 1996 சட்டம் எல்லா மாநிலங்களும் 2002 அக்டோபருக்குள் கார்டுக்கு மாற வேண்டும் என்றது. கடைசி மாநிலம் வந்து சேர 2004 ஆனது. பெயர் இபிடி கார்டு. டெபிட் கார்டு போலவே தேய்த்து, நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்தினால் போதும். சூப்பர் மார்க்கெட்டில் இது நல்ல ஏற்பாடு. யார் அரசுக் காசில் வாங்குகிறார், யார் சம்பளத்தில் வாங்குகிறார் என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது.

திட்டம் போட்டவர்கள் சந்தையை மறந்துவிட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்திலும் பூங்கா ஓரத்திலும் கூடாரம் கட்டி விற்கிற இடத்தில் மின்சாரம் ஏது, டெலிபோன் கம்பி ஏது? அன்றைய கார்டு எந்திரத்துக்கு இரண்டும் வேண்டும். கம்பியில்லா எந்திரம் வந்தபோதும் ஆளுக்கொன்று வாங்கிக் கட்டணம் கட்ட, வாரம் ஒருநாள் முள்ளங்கி விற்பவருக்குக் கட்டுப்படியாகுமா? கார்டு பரவப் பரவ உணவு உதவிப் பணம் சந்தைப் பக்கம் வருவது சரிந்தது. முன்பு வந்தவர்கள் இப்போதும் அதே ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த பணத்துக்குத்தான் சந்தைக்குள் வழி இல்லாமல் போயிற்று.

அந்த வழியைத் திறந்துவிட்டது மரச்சில்லு. ஏற்பாடு எளிது. சந்தைக்கு ஒரே அரசு உரிமம், ஒரே எந்திரம்; அது நிர்வாகியின் கூடாரத்தில் இருக்கும். அங்கே போய் கார்டில் இருபது டாலர் தேய்த்தால் இருபது மரக்காசு. உள்ளே எந்தக் கடையிலும் கொடுக்கலாம், ஆனால் உணவுக்கு மட்டும். சோப்பு, பூ, சுடச்சுடத் தட்டில் வைத்துத் தரும் சாப்பாடு கிடையாது. விதையும் நாற்றும் உண்டு; உணவு ஸ்டாம்பில் 1973 முதல் இருக்கும் விதி அது. தக்காளி நாற்றுக்குச் செல்லும் காசு சாமந்தி நாற்றுக்குச் செல்லாது. சில்லறையும் திருப்பித் தரக் கூடாது. மூன்றரை டாலர் கத்தரிக்காய்க்கு நான்கு மரக்காசு வந்தால், உழவர் அரை டாலருக்கு இரண்டு வெங்காயத்தை எடுத்துப் பையில் போடுவார். பார்க்கக் கொசுறு மாதிரி இருக்கும், ஆனால் கொசுறு அல்ல, கணக்கு. விவரமான உழவர்கள் விலையையே முழு டாலரில் எழுதிவிடுவார்கள்.

மாலையில் கூடாரத்தைப் பிரிக்கும்போது காசின் திரும்பும் பயணம். உழவர் சில்லுகளை எண்ணிப் பையில் கட்டி, தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாகியிடம் தருவார். நிர்வாகி மறுபடி எண்ணுவார். பிறகு காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ பணம் வரும். அடுத்த வாரம் அதே சில்லு இன்னொரு கைக்குப் போகும். வெளியே போனதும் உள்ளே வந்ததும் என்றைக்கும் ஒத்துப்போகாது. யாரோ ஒருவரின் கோட்டுப் பையில், சமையலறை இழுப்பறையில் சில காசுகள் தங்கிவிடும். அதற்கான டாலரை, அவை என்றாவது வரும் என்று சந்தை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மரத்தில் பணம் அடிப்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1931 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் டெனைனோ என்ற சிற்றூரில் இருந்த வங்கி மூடியபோது, ஊர்க்காரர்கள் மெல்லிய மரச்சீவலில் பணம் அச்சிட்டுப் பிழைத்தார்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் அதே ஊர் மறுபடி மரத்தில் 25 டாலர் தாள் அடித்தது. பெரிய பணம் ஊருக்குள் வராதபோது மரம் உதவிக்கு வரும் போலிருக்கிறது.

5 என்று எழுதிய காசைப் பற்றிச் சொல்லவில்லையே. அது டெபிட் கார்டுக்காரர்களுக்கு. அதில் எதையும் வாங்கலாம், சில்லறையும் கிடைக்கும். பல சந்தைகள் அவர்களிடம் மட்டும் ஒரு டாலர் போலச் சேவைக் கட்டணம் வாங்கி எந்திரச் செலவை ஈடுகட்டின. உணவு உதவிக் கார்டுக்குக் கட்டணம் போடக் கூடாது. இரு சாராரும் ஒரே கூடாரத்தில் நின்று ஒரே மாதிரிச் சில்லு வாங்கியதால் கூப்பன் காலத்துக் கூச்சமும் குறைந்தது. இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான் என்பேன். அதுவும் நிலைக்கவில்லை. செல்போனில் செருகும் கார்டு கருவி 2010 வாக்கில் வந்ததும் டெபிட்காரர்கள் நேராகக் கடையிலேயே தேய்க்கத் தொடங்கினார்கள். 5 காசு அரிதானது. மரக்காசு நீட்டுகிறவர் யார் என்று மறுபடி தெரிய ஆரம்பித்தது.

ஆனால் ஏழையின் காசுக்கு ஒரு தனி மவுசும் சேர்ந்தது. 2009இல் டெட்ராய்ட்டின் ஐந்து சந்தைகளில், உதவிக் கார்டில் ஒரு டாலர் எடுத்தால் உள்ளூர்க் காய்கனிக்காக இன்னொரு டாலர் சும்மா என்று அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கினார்கள். வேறு ஊர்களிலும் இதுபோல நடந்தது. 2014 பண்ணைச் சட்டம் இதற்கு ஐந்தாண்டுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. 2018இல் திட்டத்துக்கு கஸ் ஷூமாக்கரின் பெயரை வைத்தார்கள். 1980இல் பாஸ்டன் சந்தையில் அவர் தூக்கிய பேரிக்காய்ப் பெட்டியின் அடி பிய்ந்து காய்கள் தெருவில் உருண்டன. குழந்தைகளோடு வந்த ஒரு தாய் அவற்றைப் பொறுக்கினாள். உணவு ஸ்டாம்பில் பிழைக்கும் தனக்குப் பழம் கட்டுப்படியாகாது என்று அவள் சொன்னதை, பின்னாளில் மாசசூசெட்ஸ் வேளாண் ஆணையரான அவர் மறக்கவே இல்லை.

காசு மரமானாலும் உயிர் எந்திரத்தில்தான். 2018 கோடையில், கார்டு எந்திரங்களுக்கு மென்பொருள் தந்த ஒரு நிறுவனம் கடையைக் கட்டப்போவதாகச் சொன்னபோது ஏறக்குறைய 1,700 சந்தைகள், அதுவும் விளைச்சல் உச்சத்தில், திகைத்து நின்றன. 2025இல் நடந்தது அதைவிடப் பெரிது. அரசு முடங்கியதால், சுமார் 4.2 கோடிப் பேருக்கான நவம்பர் உதவித்தொகை உரிய நாளில் வரவில்லை. கார்டில் இருப்பு தீர்ந்தவர்களுக்கு எந்திரம் கைவிரித்தது. அக்டோபரில் வாங்கி இழுப்பறையில் மிச்சம் கிடந்த மரக்காசு அப்போதும் ஒரு டாலர் ஆப்பிளுக்குச் செல்லும்.